ஆல்காட் குப்பத்திலிருந்து அமெரிக்க உள்நாட்டுப் போர் வரை

அமெரிக்க விடுதலைப் போரை நடத்தி முடிக்கும் நாளில் எந்த வகுப்பிலும் ஒரு கேள்வி எழும். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் உலகுக்கு அறிவித்த ஒரு நாடு, அதன் பிறகும் 89 ஆண்டுகள் அடிமைமுறையை எப்படி வைத்திருந்தது? அந்த அறிவிப்பை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனே தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு உரிமையாளராக இருந்தவர். இந்தக் கேள்விக்கு விடை தேடினால் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் போய் நிற்போம்.

இந்தப் போரைக் 'காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தலாம். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார்கள். ஆனால் கடல் கடந்த ஒரு நாட்டில், 160 ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டை தனக்கு எதற்கு என்று ஒரு மாணவி நினைத்தால் அதில் தவறில்லை. நான் தென்சென்னையில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இந்தப் பாடத்தை ஒரு ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குகிறேன். பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. "அந்த ஆல்காட் யார்?" என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஒரு கர்னல் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

இந்தப் பாடத்தை நான்கு பாடவேளைகளாகப் பிரித்து நடத்திவருகிறேன். அதற்கான பாடப்பொருளையும் செயல்பாடுகளையும் இங்கே தருகிறேன். உயர்நிலை வகுப்புகளுக்கு முழுமையாகவும், நடுநிலை வகுப்புகளுக்குக் காலக்கோடு, ஆல்காட் பகுதிகளை மட்டும் எடுத்தும் பயன்படுத்தலாம்.

கற்றல் விளைவுகள்

• ஒரு நிகழ்வின் அடிப்படைக் காரணத்தையும் உடனடிக் காரணத்தையும் வேறுபடுத்திக் காண்பர்.
• உலகின் ஒரு மூலையில் நடக்கும் போர் மற்றொரு மூலையில் விலையையும் வாழ்க்கையையும் மாற்றுவதை உணர்வர்.
• தமிழ்நாட்டில் நிலவிய அடிமைமுறையையும் அதை ஒழிக்க வந்த சட்டங்களையும் அறிவர்.
• ஒரு சட்டம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று படித்துப் பார்க்கும் பழக்கம் பெறுவர்.

முதல் பாடவேளை: மூன்று அடுக்குக் காரணங்கள்

காரணங்களை வரிசை எண்ணிட்டு எழுதுவதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்காக வரைந்தால் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது.

அடித்தளத்தில் இருப்பது அடிமைமுறையும் பருத்தியும். 1793இல் எலி விட்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் விதை நீக்கும் வேலை குறைந்தது. அதனால் அடிமைகளின் தேவையும் குறைந்திருக்கும் என்றே மாணவர்கள் ஊகிப்பார்கள். நடந்தது நேர்மாறானது. பருத்தியில் பெரும் லாபம் கிடைத்ததால் மேன்மேலும் நிலம் பருத்திக்கு மாறியது. மேன்மேலும் அடிமைகள் தேவைப்பட்டனர். 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860 கணக்கெடுப்பில் 39 லட்சத்தைத் தாண்டியது. 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை இருந்தும் இந்தப் பெருக்கம். பிறக்கும் குழந்தையும் அடிமை என்பதே அந்நாட்டுச் சட்டம் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

இரண்டாம் அடுக்கு, மேற்கே விரிந்துகொண்டிருந்த நாடு. புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமைமுறை இருக்கலாமா, கூடாதா என்பதே நாற்பது ஆண்டுகள் நீடித்த சண்டை. 1820இல் மிசௌரி உடன்பாடு ஒரு கோடு கிழித்தது. 1854இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1859இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் இருந்த ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி ஓர் எழுச்சிக்கு முயன்றார், தோற்றுத் தூக்கிலேற்றப்பட்டார்.

மேல் அடுக்கு உடனடிக் காரணம். அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். டிசம்பர் 20ஆம் நாள் தெற்கு கரோலினா ஒன்றியத்திலிருந்து விலகியது. அடுத்தடுத்து மொத்தம் 11 மாநிலங்கள் விலகின. 1861 ஏப்ரல் 12ஆம் நாள் சம்டர் கோட்டை மீது பீரங்கிகள் முழங்கின.

'மாநில உரிமைக்கான போர்தானே இது?' என்ற கருத்தை இணையத்தில் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் உண்டு. அதை ஒதுக்கிவிடாமல் வகுப்பிலேயே சோதிக்கலாம். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தர வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 1850இல் மத்திய அரசிடம் கேட்டுப் பெற்றவர்கள் தென் மாநிலத்தவர். வட மாநிலங்களின் உரிமை அப்போது அவர்கள் கண்ணில் படவில்லை. மிசிசிப்பி தன் விலகல் அறிக்கையிலேயே, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்று வெளிப்படையாகச் சொன்னது. இந்த இரண்டு தகவல்களையும் கொடுத்துவிட்டு முடிவை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் பாடவேளை: போரும் அங்கே விளைந்தவையும்

போர்க்களங்களின் பட்டியலில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. மூன்று செய்திகள் போதும்.

முதலாவது: போர் தொடங்கியபோது லிங்கனின் நோக்கம் ஒன்றியத்தைக் காப்பது. அடிமைமுறை இருந்த நான்கு மாநிலங்கள் அவர் பக்கமே நின்றன. 1863 ஜனவரி 1ஆம் நாள் அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனமும் கிளர்ச்சிப் பகுதிகளில் இருந்த அடிமைகளுக்கே பொருந்தியது. இரண்டாவது: அடிமைகள் விடுதலைக்குக் கைகட்டிக் காத்திருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பண்ணைகளிலிருந்து தப்பி வடக்குப் படை முகாம்களை வந்தடைந்தனர். ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் தரைப்படையில் சேர்ந்தனர். மூன்றாவது: 1865 ஏப்ரலில் போர் முடிந்தபோது 6 லட்சம் பேருக்கு மேல் இறந்திருந்தனர், அண்மைய மதிப்பீடுகள் இதை ஏழரை லட்சம் என்கின்றன. போர் முடிந்த சில நாள்களில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விளைவுகளை 'சட்டம் தந்தது', 'வாழ்க்கை தந்தது' என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொல்கிறேன். முதல் பத்தியில் அரசமைப்பின் மூன்று திருத்தங்கள் வரும்: 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, 1868இல் 14ஆம் திருத்தம் குடியுரிமை தந்தது, 1870இல் 15ஆம் திருத்தம் இனத்தைக் காட்டி ஆண்களின் வாக்குரிமையை மறுப்பதைத் தடுத்தது. இரண்டாம் பத்தி நீளமானது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, விதைக்கும் உணவுக்கும் அவரிடமே கடன்பட்டனர். வேலையில்லாமல் நடமாடினாலே குற்றம் என்னும் 'கறுப்பர் சட்டங்களை' 1865, 1866ஆம் ஆண்டுகளில் தென் மாநிலங்கள் இயற்றின. 1877இல் கூட்டாட்சிப் படைகள் தெற்கில் தம் காவலை விலக்கிக்கொண்டதும் பிரித்து வைக்கும் சட்டங்கள் பெருகின. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வரை அந்த நிலை நீடித்தது.

கரிசல் மண்ணில் எதிரொலித்த போர்

தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்குக் கடற்படை முற்றுகையிட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகள் தவித்தன. அவற்றுக்கு வந்த பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தனர். அந்த நிலையிலும் மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862 டிசம்பர் 31ஆம் நாள் கூட்டம் கூடி, அடிமைமுறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்து மடல் எழுதினர். லிங்கன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

பிரிட்டிஷாரின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. பம்பாய் பருத்திப் பணத்தில் மிதந்தது. சென்னை மாகாணத்தில் திருநெல்வேலி, கோயம்புத்தூர் வட்டாரங்களின் கரிசல் நிலப் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடித் துறைமுகம் பரபரத்தது. அதே வேளையில், நூல் விலை ஏறியதால் கைத்தறி நெசவாளர் துன்பப்பட்டனர். 1865இல் போர் முடிந்து அமெரிக்கப் பருத்தி திரும்பி வந்ததும் விலை சரிந்தது. உயர்ந்த விலையை நம்பிக் கடன் வாங்கியவர்களிடம் கடன் மட்டும் மிஞ்சியது.

உலக வரைபடத்தில் நியூ ஆர்லியன்ஸ், லிவர்பூல், பம்பாய், தூத்துக்குடி ஆகிய நான்கு துறைமுகங்களைக் குறித்து நூலால் இணைக்கச் செய்யுங்கள். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை அசைவதை மாணவர்களே பார்ப்பார்கள்.

மூன்றாம் பாடவேளை: அடையாற்றுக்கு வந்த கர்னல்

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். வேளாண்மை அறிஞராகவும் இதழாளராகவும் இருந்தார். ஜான் பிரவுன் தூக்கிலேற்றப்பட்ட 1859 டிசம்பர் 2ஆம் நாள், நியூயார்க் டிரிபியூன் இதழுக்குச் செய்தி எழுதுவதற்காக அடையாளத்தை மறைத்துக்கொண்டு அங்கே போய் அதைக் கண்ணால் பார்த்தவர். போர் வந்ததும் வடக்குப் படையில் சேர்ந்தார். களத்தில் நோயுற்றுத் திரும்பிய பின் அவருக்குக் கிடைத்த வேலை வேறு வகையானது. படைக்குப் பொருள் வழங்குவதில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் சிறப்பு ஆணையர் ஆனார். லிங்கன் கொலையை விசாரித்த அதிகாரிகளுள் அவரும் ஒருவர்.

1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1879இல் இருவரும் இந்தியா வந்தனர். 1882இல் சபையின் தலைமையிடம் அடையாற்றங்கரையில் அமைந்தது. அப்போது இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சபைத் தோட்டத்தை அடுத்த சேரியில் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லாததைக் கண்டு, 1894இல் ஊரூரில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நகரின் பல பள்ளிகள் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. தொடர்ந்து மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். முதல் பள்ளி இன்று பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக நடந்துவருகிறது. ஆல்காட் 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றிலேயே மறைந்தார்.

இங்கே நாம் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். கடல் கடந்து ஒருவர் வந்தார், இங்குள்ளோர் கண் திறந்தது என்று கதை முடிந்துவிடக் கூடாது. ஆல்காட் பள்ளி தொடங்கும் முன்பே, 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கி உரிமைக் குரல் எழுப்பினார். அயோத்திதாசப் பண்டிதரும் தம் மக்களுக்காக அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதிவந்தார். 1898இல் ஆல்காட்டைச் சந்தித்து அவருடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார் அயோத்திதாசர். சென்னைக்குத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் அடிமைகள் தாமே எழுந்து நடந்தார்கள் என்றோமே, இங்கும் அப்படித்தான்.

மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பதையும் சொல்லலாம். அப்போரின் செய்தி இங்கே யாருக்கு எப்படிப் பொருள்பட்டது என்பதற்கு அது நல்ல சான்று.

நம் மண்ணில் அடிமைமுறை

'இங்கே அடிமைமுறை இருந்ததா?' என்ற கேள்விக்கு ஆம் என்று நேராக விடை சொல்ல வேண்டும். 1201ஆம் ஆண்டைச் சேர்ந்த திருப்பாம்புரம் கல்வெட்டு, பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரு மகள்களும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டதைச் சொல்கிறது. ஆளை விற்கும் ஓலைகளுக்கு 'ஆளோலை' என்றே பெயர் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றினர்; 1680களில் சென்னையிலிருந்தும் அடிமைகள் ஏற்றுமதியாயினர். 1789இல் கார்ன்வாலிஸ் அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்தார்.

ஏற்றுமதி நின்றது, வயல் அடிமைமுறை நீடித்தது. தஞ்சாவூர், செங்கல்பட்டு முதலிய நெல் விளையும் மாவட்டங்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் தலைமுறை தலைமுறையாக மிராசுதார்களின் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தனர். நிலத்தோடு சேர்த்து அவர்களை விற்பதும் அடகு வைப்பதும் உண்டு. 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் கேட்டுப் பெற்ற அறிக்கைகளில் இவை பதிவாகியுள்ளன. அமெரிக்காவில் நிறம் சுமத்திய தளையை இங்கே சாதி சுமத்தியது.

1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு விலக்கு அளித்தது. இங்கே வந்தது 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். அது நான்கே பிரிவுகள் கொண்டது. வரி பாக்கிக்காகவோ நீதிமன்ற ஆணைப்படியோ எந்த அதிகாரியும் மனிதரை அடிமை என்று விற்கக் கூடாது. அடிமையின் மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டக் கூடாது. அடிமை என்று சொல்லி ஒருவரது சொத்தைப் பறிக்கக் கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் செயல் அவருக்குச் செய்தாலும் குற்றமே. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. லிங்கனின் பிரகடனத்துக்குச் சரியாக ஓராண்டுக்கு முந்தைய நாள் அது.

அப்படியானால் இங்கே போரில்லாமலே விடுதலை வந்துவிட்டதா? இதுவே பாடத்தின் மையக் கேள்வி. தளை பெயர் மாறியது. அடிமை என்ற சொல் போய்ப் பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் நிலைத்தன. உரிமைப் பத்திரத்தின் இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டுப் போனால் தண்டிக்கும் சட்டம் 1859இல் வந்தது. முதலில் அது சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்காகவே இயற்றப்பட்டது. இதே ஆண்டுகளில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினர். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. லிங்கன் தேர்தலில் வென்று பத்து நாள்கள்தான் ஆகியிருந்தன.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், தம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விரிவாக எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான், விடுதலைக்கு நிலமும் வேண்டும் என்ற எண்ணம் ஆவணத்தில் ஏறியது. அமெரிக்காவில் 1865இல் தவறியதும் அதுவே.

பின்னர் வந்தவற்றைக் காலக்கோட்டில் குறித்தால் போதும்: 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17, 23ஆம் உறுப்புகள், 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1976இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம்.

நான்காம் பாடவேளை: ஒரு மாணவன் கேட்டது

1843ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்கு பிரிவுகளையும் எளிய தமிழில் அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்தேன். 'இது எதைக் கொடுத்தது? எதைக் கொடுக்கவில்லை?' என்பதே வேலை. நிலம் இல்லை, கூலி பற்றி ஒன்றுமில்லை, வீடு இல்லை என்று குழுக்கள் அடுக்கிக்கொண்டே போயின. பின்வரிசையில் அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்தான்.

"மிஸ், இந்தச் சட்டம் வந்துச்சுன்னு அவங்ககிட்ட யாரு போய்ச் சொன்னாங்க? அவங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அட்டையைத் திரும்பப் படித்தோம். சொல்லியாக வேண்டும் என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. அப்போது நான் டெக்சாஸ் மாநிலத்தின் கதையைச் சொன்னேன். லிங்கனின் பிரகடனம் வெளியாகி இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1865 ஜூன் 19ஆம் நாள் வடக்குப் படைத் தளபதி கால்வெஸ்டன் நகருக்கு வந்து அறிவித்த பின்னர்தான் அங்கே விடுதலை நடைமுறையானது. அந்த நாளை அமெரிக்கர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 2021 முதல் அது தேசிய விடுமுறை.

ஒரு மாணவி கை உயர்த்தினாள். "எங்க தாத்தா கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்காக ரொம்ப வருஷம் ஒரே பண்ணையில வேலை செஞ்சாராம் மிஸ். கூலி நெல்லுதானாம். அப்பதான் 1976 சட்டம் வந்திருச்சே, அவருக்கும் யாரும் சொல்லலியா?" அவள் கேட்டதில் வருத்தத்தைவிடக் கோபமே அதிகம் இருந்தது. ஏட்டில் இருக்கும் உரிமைக்கும் கையில் இருக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவை நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பள்ளிக்கூடம் ஏன் ஆல்காட்டுக்கும் அயோத்திதாசருக்கும் முதல் தேவையாகத் தோன்றியது என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

• அடிமை, எஜமானன் என்று வேடமிட்டு நடிக்கச் செய்ய வேண்டாம். விளையாட்டாகத் தொடங்குவது ஒரு குழந்தையின் மனத்தில் காயமாக நின்றுவிடும். பாத்திரங்களுக்குப் பதில் ஆவணங்களைக் கையில் கொடுங்கள்.
• எந்த மாணவரிடமும் சாதியையோ குடும்பப் பின்னணியையோ கேட்கக் கூடாது. அவர்களாகப் பகிர்ந்தால் மதிப்போடு கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம்.
• பழைய ஆவணங்களில் உள்ள சாதிப் பெயர்களை வரலாற்றுச் சொற்களாக மட்டும் கையாளுங்கள். அந்தச் சொற்கள் இடைவேளையில் கேலியாகத் திரும்பினால், அன்றே அமர்த்திப் பேசிவிடுங்கள்.
• 'அங்கே கொடுமை, இங்கே பரவாயில்லை' என்றோ, 'இரண்டும் ஒன்றே' என்றோ முடித்துவிட வேண்டாம். ஒற்றுமை, வேற்றுமை இரண்டையும் அட்டவணையாக எழுதட்டும்.

செயல்பாடுகள்

இரட்டைக் காலக்கோடு: வகுப்பறைச் சுவரில் 1776 முதல் 1976 வரை ஒரு நீளத்தாள். மேலே அமெரிக்கா, கீழே தமிழ்நாடு. ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிகழ்வுகள். 1859 முதல் 1863 வரையிலான பகுதியில் இரு வரிசையிலும் நெருக்கம் கூடுவதை மாணவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.

களப்பயணம்: அடையாறு பிரம்மஞான சபை வளாகம், ஊரூர் ஆல்காட் குப்பம் இரண்டையும் அரை நாளில் பார்த்துவிடலாம். சபையிடமும் தலைமையாசிரியரிடமும் முன்அனுமதி பெறுங்கள். குப்பத்துக்குச் செல்லும்போது அது மக்கள் வாழும் இடம், காட்சிப்பொருள் அன்று என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்ற மாவட்ட ஆசிரியர்கள் தங்கள் ஊரில் உள்ள பழைய பள்ளி, கல்வெட்டு, துறைமுகம், பஞ்சாலை ஆகியவற்றில் ஒன்றை இதேபோல் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம்.

கூலிக் கணக்கு: விருப்பமுள்ள மாணவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், 'உங்கள் இளமையில் ஒரு நாள் கூலி எவ்வளவு? காசாகவா, தானியமாகவா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டு வரலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பருத்தி விதை நீக்கும் இயந்திரம் அடிமைகளின் எண்ணிக்கையைக் கூட்டியது ஏன்?
2. லிங்கன் தேர்தலில் வென்றது போருக்கு அடிப்படைக் காரணமா, உடனடிக் காரணமா? உன் விடைக்குச் சான்று தருக.
3. அமெரிக்கப் போர் திருநெல்வேலி உழவருக்கும் கைத்தறி நெசவாளருக்கும் வெவ்வேறு விளைவைத் தந்தது எவ்வாறு?
4. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீ ஐந்தாவதாக ஒரு பிரிவு சேர்ப்பதாக இருந்தால் என்ன எழுதுவாய்?

நான்காம் வினாவுக்கு ஒரே விடை கிடையாது. என் வகுப்பில் பாதிப் பேர், சட்டத்தை ஊர் நடுவில் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தனர்.

நம் வருகைப் பதிவேட்டில்

இந்தப் பாடம் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. சென்னையைச் சுற்றிய திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் செங்கல் சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வரும் தொழிலாளர்கள் இன்றும் உள்ளனர். அந்தக் குழந்தைகள் ஓர் ஊரின் பதிவேட்டில் நீண்ட நாள் வராதவர்களாகவும், வேறோர் ஊரின் பதிவேட்டில் இடம்பெறாதவர்களாகவும் இருக்கிறார்கள்.

1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டிய கடமை ஒழிந்துவிட்டது. அப்படிக் கட்டுண்டவரை விடுவிக்கும் அதிகாரமும் பொறுப்பும் மாவட்ட ஆட்சியருடையது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்று வழங்கப்படுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்துள்ளது. குழந்தைகள் தொடர்பான உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது. இவற்றைப் பாடத்தின் இறுதியில் கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ஒரு மாணவர் திடீரென வராமல் போனால் 'நீண்ட விடுப்பு' என்று குறிப்பதற்கு முன், குடும்பம் எங்கே போனது, எதற்காகப் போனது என்று ஒருமுறை விசாரியுங்கள். ஐயம் இருந்தால் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வருவாய்த் துறைக்கும் தெரிவியுங்கள்.

'யாரு போய்ச் சொன்னாங்க?' என்ற கேள்விக்கு 1843இலும் 1865இலும் யாருடைய பெயரும் சட்டத்தில் எழுதப்படவில்லை. இன்று ஊருக்கு ஊர் பள்ளி இருக்கிறது; பள்ளிக்கு நாம் இருக்கிறோம்.